கெடு: பின்னணிப் பணிகளின் ஒரு சிறு வரலாறு

2020ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி பிரிட்டன் அரசு ஒரு தோல்வியை ஒப்புக்கொண்டது. கொரோனா தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கக்கூடும் என்று தடம் காண, அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவைக்கென்று உருவாக்கப்பட்டு, மே மாதத்தில் வைட் தீவில் வெள்ளோட்டம் விடப்பட்டிருந்த செல்பேசிச் செயலியைக் கைவிடுவதாக அன்று அறிவித்தது. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட எண்கள் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. அருகில் இருந்த ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் 75 சதவீதத்தை அச்செயலி அடையாளம் கண்டது. ஐபோன்களில் 4 சதவீதத்தை மட்டுமே கண்டது.

ஐபோன்களின் புளூடூத் வானலைக் கருவியில் பழுது ஒன்றும் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. செல்பேசியைப் பூட்டிச் சட்டைப்பையில் போட்டதும் செயலி திரையை விட்டு நீங்கிப் பின்னணிக்குப் போய்விடுகிறது. பின்னணிக்குப் போன செயலிக்கு ஐபோன் சில விநாடிகளே அவகாசம் தரும். அதன் பிறகு அதை உறங்க வைத்துவிடும். இரண்டு ஐபோன்கள் இரண்டு சட்டைப்பைகளில் உறங்கிக்கொண்டிருந்தால், அவற்றின் உரிமையாளர்கள் ஒரே மேசையில் ஒரு மணிநேரம் எதிரெதிரே அமர்ந்திருந்தாலும் ஒன்றையொன்று அறியாமல் போகக்கூடும். ஒரு நாட்டின் பொதுச் சுகாதாரத் திட்டம் அந்தச் சில விநாடிகளில் முட்டி நின்றுவிட்டது.

அந்த அவகாசத்தை யார் விதித்தார்கள், எதற்காக விதித்தார்கள் என்று தேடிக்கொண்டு போனால் அறுபது ஆண்டுக் கணினி வரலாற்றின் ஒரு குறுக்குவெட்டு கிடைக்கிறது. நிரலாளர்கள் இதை ‘டைம்அவுட்’ என்பார்கள். நேர வரம்பு, காலாவதி என்றெல்லாம் கலைச்சொற்கள் இருக்கின்றன. ஆனால் நம் பேச்சிலேயே இதற்குப் பொருத்தமான பழைய சொல் ஒன்று உண்டு: கெடு. கடன் கொடுத்தவர் வைப்பது கெடு. வீட்டைக் காலி செய்யச் சொல்பவர் விதிப்பது கெடு. கெடு என்று சொன்னவுடனே மூன்று சங்கதிகள் நினைவுக்கு வந்துவிடும். விதிப்பவர் ஒருவர், அதற்கு உட்பட்டவர் ஒருவர், கெடு தீர்ந்தால் என்ன ஆகும் என்ற ஏற்பாடு ஒன்று. கணினி உலகம் முதலிரண்டைப் பற்றி நிறையவே சண்டை போட்டிருக்கிறது. மூன்றாவதைக் கற்றுக்கொள்ளத்தான் அதற்கு நெடுங்காலம் பிடித்தது என்பது என் எண்ணம். எத்தனை விநாடி என்பதைக் காட்டிலும், அந்தக் கடைசி விநாடியில் கையிலிருக்கும் வேலையைச் சிந்தாமல் கீழே வைக்க வழி இருக்கிறதா என்பதே கெடுவின் நியாயத்தைத் தீர்மானிக்கிறது.

1. பின்னணி என்ற சொல்

1950களின் பெருங்கணினிகள் ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்தன. துளையிட்ட அட்டைகளில் நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டும். இயந்திரத்தின் நேரம் விலை மிகுந்தது. மனிதரின் நேரம் அப்படிக் கருதப்படவில்லை. 1959 ஜனவரி 1 தேதியிட்ட ஒரு குறிப்பாணையில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜான் மெக்கார்த்தி, பலர் ஒரே கணினியை ஒரே சமயத்தில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையை முன்மொழிந்தார். அதே நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961 நவம்பரில் அதைச் செய்து காட்டியது.

அதற்குத் தேவைப்பட்ட முக்கியமான உறுப்பு ஒரு கடிகாரம். சுவரில் மாட்டி நேரம் பார்க்கும் கடிகாரம் அன்று. குறித்த இடைவெளியில் கணினியின் தோளைத் தட்டி, செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் செய்யும் கடிகாரம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தானாக விட்டுக்கொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொண்ட நிரலுக்குத் தான் மாட்டிக்கொண்டோம் என்பதே தெரியாது. ஆகவே அதன் ஒப்புதலைக் கேட்காமல் கட்டுப்பாட்டைப் பறிக்கும் அதிகாரம் வெளியே எங்காவது இருந்தாக வேண்டும்.

முன்னணி, பின்னணி என்ற பிரிவு இங்கேதான் உருப்பெறுகிறது. 1962இல் கோர்பட்டோ குழுவினர் வெளியிட்ட கட்டுரையில், தட்டச்சு முனையங்களின் முன் அமர்ந்திருக்கும் மனிதர்களின் வேலைகள் முன்னணி என்றும், பழைய பாணியில் வரிசையில் நிற்கும் அட்டைக்கட்டு வேலைகள் பின்னணி என்றும் குறிக்கப்பட்டன. மனிதர்கள் யோசிக்கும் இடைவெளிகளில் மிஞ்சும் நேரம் பின்னணிக்கு. இன்றைய செல்பேசி அப்படியே எடுத்துக்கொண்ட படிநிலை இது. கண்ணெதிரே இருப்பவர்க்கே முதல் உரிமை.

அந்த முதல் ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கெடு தீர்ந்த நிரல் கொல்லப்படவில்லை. அதன் நினைவகம் முழுவதும் காந்த நாடாவில் எழுதி வைக்கப்பட்டது. முறை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தான் நிறுத்தப்பட்டதே அந்த நிரலுக்குத் தெரியாது. நேரம் பறிக்கப்பட்டதே தவிர வேலை பறிக்கப்படவில்லை. பிற்காலத்துக் கெடுகள் பலவற்றில் இந்தக் கண்ணியத்தைப் பார்க்க முடியாது.

2. தாமதமா, மரணமா?

ஒரே கணினிக்குள் இருக்கும்வரை எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு கணினிகள் தொலைவிலிருந்து பேசத் தொடங்கியபோது வேறொரு வகைக் காத்திருப்பு பிறந்தது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனின் குழு இயக்கத் தொடங்கிய அலோகா வலையமைப்பு, தீவுகளுக்கிடையே வானலை வழியாகத் தகவல் பொதிகளை அனுப்பியது. இரண்டு முனையங்கள் ஒரே கணத்தில் பேசிவிட்டால் இரண்டு பொதிகளும் சிதைந்துபோகும். சிதைந்ததென்று அனுப்பியவருக்கு யார் சொல்வது? யாரும் சொல்வதில்லை. பெற்றுக்கொண்டேன் என்ற பதில் குறித்த நேரத்துக்குள் வரவில்லையென்றால் பொதி தொலைந்ததாகக் கொள்ள வேண்டும். தற்செயலான ஓர் இடைவெளி விட்டு மறுபடி அனுப்ப வேண்டும். மௌனத்துக்குப் பொருள் சொல்லும் வேலையைக் கெடு ஏற்றுக்கொண்டது.

1974இல் வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வரைந்தபோது இதே உபாயத்தைத்தான் கையாண்டார்கள். ஆனால் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதிகம் காத்திருந்தால் வேலை நகராது. குறைவாகக் காத்திருந்தால், வந்துகொண்டிருக்கும் பதிலை வராது என்று முடிவு கட்டிவிடுவோம்.

முல்லைத்திணை படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லித் தலைவன் பிரிகிறான். மழை தொடங்கிவிட்டது, அவன் வரவில்லை. வினை முடியவில்லையா, வழியில் இருக்கிறானா, ஏதேனும் நேர்ந்துவிட்டதா என்று வீட்டிலிருப்பவள் அறிய வழியே இல்லை. தோழி ஒருத்தி, இது பருவத்து மழையே அன்று, காலமல்லாக் காலத்தில் பெய்யும் மழை என்று சாதித்துக் கெடுவை நீட்டி வைக்கிறாள். அந்தத் தோழியின் இடத்தில் ஒரு கணக்கு தேவைப்பட்டது இணையத்துக்கு.

அது இல்லாததன் விளைவு 1986 அக்டோபரில் தெரிந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தொலைவு சுமார் 400 கஜம். அந்த இணைப்பில் விநாடிக்கு 32,000 பிட் என்றிருந்த வேகம் விநாடிக்கு 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலால் பதில்கள் தாமதமாயின. தாமதத்தைத் தொலைவு என்று எடுத்துக்கொண்ட கணினிகள் அதே பொதிகளை மீண்டும் அனுப்பின. அதனால் நெரிசல் மேலும் கூடியது. பொறுமையின்மையே நோயாயிற்று. 1988இல் வேன் ஜேக்கப்சன் வெளியிட்ட கட்டுரை இதற்கு மருந்து சொன்னது. பதில் வர ஆகும் சராசரி நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் தொடர்ந்து அளந்து கெடுவைக் கணிக்க வேண்டும். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் கெடுவை இரட்டிப்பாக்கிப் பின்வாங்க வேண்டும். வழி நெடுகிலும் நிலைமையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கெடு அது.

இதற்கிடையே 1985இல் மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் ஒரு கணிதத் தேற்றத்தை நிறுவியிருந்தார்கள். செய்தி சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு வரம்பே இல்லாத ஓர் அமைப்பில், உறுப்பினர்களுள் ஒருவர் செயலிழந்துபோகக்கூடும் என்றால்கூட, மற்றவர்கள் ஒருமித்த முடிவுக்கு வந்தே தீர்வார்கள் என்று உத்தரவாதம் தரும் நிச்சயமான வழிமுறை எதுவும் இருக்க முடியாது. மெதுவாக இயங்குபவரையும் இறந்துபோனவரையும் வெளியிலிருந்து வேறுபடுத்த முடியாது என்பதே இதன் சாரம். கெடு என்பது உண்மையைக் கண்டறியும் கருவி அல்ல என்பது இதிலிருந்து புலனாகும். உண்மை தெரியாத நிலையிலும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பதற்காக நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

3. கொல்வதும் நிறுத்தச் சொல்வதும்

தவறாகக்கூடிய முடிவு என்று தெரிந்த பிறகு, அம்முடிவை எப்படி நிறைவேற்றுவது என்ற கேள்வி எழுகிறது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கதை இதற்குத் தக்க சான்று. இறங்கிய சில நாட்களில் அதன் கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின.

காரணம் இது. வானிலைத் தரவு சேகரிக்கும் முன்னுரிமை குறைந்த பணி ஒன்று, பொதுவான ஒரு வளத்தின் பூட்டைக் கையில் வைத்திருந்தது. முன்னுரிமை மிகுந்த பணி ஒன்று அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமை கொண்ட தகவல் தொடர்புப் பணி குறுக்கே புகுந்து ஓடியதால், பூட்டு வைத்திருந்த பணிக்கு அதை விடுவிக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. முக்கியப் பணி கெடுவுக்குள் முடியவில்லை என்பதைக் காவல் ஏற்பாடு கவனித்தது; ஏதோ பெரிய கோளாறு என்று கருதி முழுக் கணினியையும் மறுதொடக்கம் செய்தது. பூமியிலிருந்த பொறியாளர்கள் சிக்கலைத் தங்கள் ஆய்வகத்தில் மறுபடி நிகழ்த்திப் பார்த்து, பூட்டு வைத்திருக்கும் பணிக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் ஏற்பாட்டை இயக்கிவிட்டுச் சரிசெய்தார்கள். கெடு விண்கலத்தைக் காப்பாற்றியது. ஆனால் குற்றவாளி யார் என்று அதற்குத் தெரியாததால் எல்லோரையும் தண்டித்தது.

அடுத்த ஆண்டு, 1998 டிசம்பரில் வெளிவந்த ஜாவா 1.2இல் வேறொரு படிப்பினை பதிவாயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இழையை வெளியிலிருந்து சட்டென்று நிறுத்தும் ‘ஸ்டாப்’ என்ற கட்டளை அம்மொழியில் முதலிலிருந்தே இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மொழியை உருவாக்கியவர்களே அந்தப் பதிப்பில் அறிவித்தார்கள். கட்டளை பாயும் கணத்தில் இழை எந்த வேலையின் நடுவே இருக்கிறது என்பது தெரியாது. ஒரு கணக்கிலிருந்து பணத்தைக் கழித்துவிட்டு மற்றொரு கணக்கில் சேர்க்கும் முன்பு அதை நிறுத்திவிட்டால், பூட்டுகள் எல்லாம் திறந்துகொள்ளும், பாதி மாற்றப்பட்ட தரவு மற்றவர்கள் பார்வைக்கு வந்துவிடும். நிறுத்தச் சொல்லி வேண்டுகோள் விடுப்பதும், பணி தானே பாதுகாப்பான இடத்தில் அதைக் கவனித்து விலகிக்கொள்வதுமே முறை என்று ஆயிற்று.

யூனிக்ஸ் அமைப்பில் இந்த இரண்டும் இரண்டு சமிக்ஞைகளாகவே இருந்தன. ஒன்று, முடித்துக்கொள் என்று சொல்வது; பணி அதைக் கேட்டுத் தன் கோப்புகளை மூடிக்கொள்ளலாம். மற்றொன்று கொல்வது, அதைக் கேட்கவோ மறுக்கவோ பணிக்கு வழியில்லை. கணினியை அணைக்கும்போது முதலில் வேண்டுகோளையும், சிறிது அவகாசம் விட்டு இரண்டாவதையும் அனுப்புவது வழக்கம். அந்தச் சிறிது அவகாசத்தில்தான் நாகரிகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

4. சட்டைப்பைக்குள் வந்த கெடு

2007 ஜூன் இறுதியில் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது வெளியார் எழுதிய செயலிகளுக்கு அதில் இடமில்லை. 2008 ஜூலையில் செயலிக் கடை திறக்கப்பட்டது. ஆயினும் திரையை விட்டு நீங்கிய செயலி உடனே மூடப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாத மாநாட்டிலேயே ஸ்காட் ஃபோர்ஸ்டால், பின்னணிப் பணிகள் மின்கலத்தைத் தின்றுவிடும், வேகத்தைக் குறைக்கும் என்று காரணம் சொல்லியிருந்தார். நேரப்பகிர்வு காலத்தில் அரிதாக இருந்தது கணினியின் நேரம். இப்போது அரிதாகியிருந்தது மின்னூட்டம்.

2010 ஜூன் 21 அன்று வந்த ஐஓஎஸ் 4இல் கதவு சற்றே திறந்தது. இசை, இணையத் தொலைபேசி, இடமறிதல் போன்ற சிலவற்றுக்குத் தனி அனுமதி. மற்றவர்களுக்கு ‘பணியை முடித்துக்கொள்ளுதல்’ என்ற சலுகை. திரையை விட்டு நீங்கும் செயலி, கையிலிருக்கும் வேலையை முடிக்க அவகாசம் வேண்டும் என்று கேட்கலாம். ஏறத்தாழ 10 நிமிடம் கிடைத்தது. கேட்கும்போதே, அவகாசம் தீரும் தறுவாயில் அழைக்கப்பட வேண்டிய ஒரு சிறு நிரல்துண்டையும் ஒப்படைக்க வேண்டும். அந்தத் துண்டு வேலையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, முடித்துக்கொண்டேன் என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் இயங்குதளம் செயலியைக் கொன்றுவிடும். வேண்டுகோள், சிறிது அவகாசம், பிறகு மரணம் என்ற யூனிக்ஸ் மரபின் அதே வரிசை.

2013 செப்டம்பரில் ஐஓஎஸ் 7 வந்தபோது 10 நிமிடம் ஏறத்தாழ 3 நிமிடமாயிற்று. 2019இல் ஐஓஎஸ் 13 வந்தபோது சுமார் 30 விநாடியாயிற்று. நிரலாளர்கள் அளந்து அறிந்துகொண்ட கணக்குகள் இவை. இவற்றை நம்பி நிரல் எழுதாதீர்கள், மிச்சம் எவ்வளவு என்று அந்தந்த நேரத்தில் கேட்டறியுங்கள் என்பதே ஆப்பிளின் நிலைப்பாடு. ஒன்றைப் பறித்தபோது மற்றொன்றைக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய கோப்புகளை அனுப்புவதும் பெறுவதும் ஐஓஎஸ் 7 முதல் இயங்குதளத்திடமே ஒப்படைக்கத்தக்க வேலைகளாயின. செயலி உறங்கினாலும் வேலை நடக்கும்.

ஆண்ட்ராய்டு எதிர்த் திசையிலிருந்து வந்து அதே இடத்தைச் சேர்ந்தது. 2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு செல்பேசி விற்பனைக்கு வந்தபோது, செயலிகள் பின்னணியில் விருப்பம்போல் ஓடலாம் என்பதே அதன் பெருமைகளுள் ஒன்று. செல்பேசி உறங்கிவிடாமல் விழிப்புப் பூட்டுப் போடவும் செயலிகளுக்கு உரிமை இருந்தது. அந்தப் பூட்டைப் போடும் கட்டளைக்கு இரண்டு வடிவங்கள்: ஒன்று கெடுவுடன், மற்றொன்று கெடு இல்லாமல். கெடு இல்லாமல் பூட்டைப் போட்டுவிட்டு, இடையில் ஏதோ பிழை நேர்ந்து, விடுவிக்கும் வரியை நிரல் எட்டாமலே போனால் செல்பேசி இரவெல்லாம் விழித்திருக்கும். காலையில் மின்கலம் வற்றியிருக்கும். 2012இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வகைக் கோளாறுகளை ‘உறங்கவிடாப் பிழைகள்’ என்று தனி வகைப்படுத்தி ஆராய்ந்து எழுதினார்கள். ஒரே ஓர் எண்ணை எழுத மறந்ததன் விலை அது.

பிறகு ஆண்ட்ராய்டிலும் கெடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2015இல் ஆண்ட்ராய்டு 6, அசையாமல் கிடக்கும் செல்பேசியை ஆழ்துயிலில் ஆழ்த்தி, பின்னணி வேலைகளை இடையிடையே திறக்கும் சிறு சாளரங்களுக்குள் அடக்கியது. 2017இல் ஆண்ட்ராய்டு 8, திரையில் இல்லாத செயலிகளின் பின்னணிச் சேவைகளைச் சில நிமிடங்களில் நிறுத்தத் தொடங்கியது. இயங்குதளத்தின் அட்டவணையில் சேர்த்து ஓடவிடும் பணிகளுக்கு ஏறத்தாழ 10 நிமிடம் என்ற வரம்பு வழக்கமாயிற்று. முழுச் சுதந்திரத்தில் தொடங்கியவரும் முழுத் தடையில் தொடங்கியவரும் ஒரே சந்திப்பில் வந்து நின்றார்கள்.

5. விதிவிலக்கின் விலை

2020க்கு இப்போது வரலாம். அவ்வாண்டு மார்ச் 20 அன்று சிங்கப்பூர் தன் தடமறியும் செயலியை வெளியிட்டது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அதைத் திரையில் திறந்தே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். உறங்கவிடாமல் இருக்க அது ஒன்றே வழி. ஏப்ரல் 20 அன்று பிரான்சின் மின்னணுத்துறை அமைச்சர் செட்ரிக் ஓ, இந்தத் தடையை நீக்கித் தரும்படி ஆப்பிளிடம் கேட்டிருப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். ஆப்பிள் இணங்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசு, பெருந்தொற்றுக் காலத்தில், தன் குடிமக்களின் கருவிகளில் சில விநாடிகள் கூடுதலாகக் கேட்டு, ஒரு நிறுவனம் மறுத்தது. கெடு விதிப்பவர் யார் என்ற கேள்வி இவ்வளவு துலக்கமாக முன்பு எழுந்ததில்லை எனலாம்.

ஆனால் மறுபக்கமும் வலுவானது. ஏப்ரல் 10 அன்றே ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து வேறொரு வழியை அறிவித்திருந்தன. மே 20 அன்று அது வெளிவந்தது. பின்னணியில் புளூடூத்தைப் பயன்படுத்தும் பொறுப்பை இயங்குதளமே ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு, யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற பட்டியல் மைய வழங்கி எதிலும் சேரக் கூடாது. ஒப்பீடு செல்பேசிக்குள்ளேயே நடக்க வேண்டும். இருப்பிடத் தரவு எடுக்கக் கூடாது. பிரிட்டனும் பிரான்சும் மையத்தில் சேர்க்கவே விரும்பின. மின்கலத்துக்காக விதிக்கப்பட்ட கெடு, இப்போது அந்தரங்கத்துக்கும் காவலாக நின்றது. எப்போதும் விழித்திருந்து சுற்றியிருப்போரைக் கவனிக்கும் உரிமையை ஒரு செயலிக்குக் கொடுத்துவிட்டால், நல்ல நோக்கம் உடையது எது, அல்லாதது எது என்று இயங்குதளம் பிரித்தறிய முடியாது. செவ்வாயில் நடந்ததைப் போல இங்கும் கெடுவுக்கு ஆள் தெரியாது.

முடிவு நமக்குத் தெரியும். ஜெர்மனி ஜூன் 16 அன்று இந்த வழியிலேயே தன் செயலியை வெளியிட்டது. பிரிட்டன் இரண்டு நாள் கழித்துத் தன் திட்டத்தைக் கைவிட்டு அதே வழிக்கு மாறியது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான செயலி செப்டம்பர் 24 அன்றுதான் வந்தது. மே மாத வெள்ளோட்டத்திலிருந்து கணக்கிட்டால் நான்கு மாதங்களுக்கு மேல். சிங்கப்பூரோ ஜூன் 28 முதல், செல்பேசியே தேவைப்படாத கையடக்கத் தனிக் கருவியை, முதலில் முதியவர்களுக்கு வழங்கத் தொடங்கியது. பிறர் விதித்த கெடுவிலிருந்து விலகப் புதிதாக ஒரு கருவியையே செய்ய வேண்டியிருந்தது.

6. நல்ல கெடு

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, ஒரு செயலியின் பின்னணிப் பணிக்குக் கெடு வைக்கப்போகும் நிரலாளர் எதை எடுத்துக்கொள்ளலாம்?

வெளியார் விதிக்கும் கெடுவுக்குக் காத்திராமல், அதற்கும் உள்ளாகத் தானே ஒன்றை வைத்துக்கொள்வது முதலாவது. இயங்குதளம் 30 விநாடி தருமென்றால் 20ஆவது விநாடியில் வேலையைச் சுருட்டத் தொடங்குபவர் பிழைப்பார். எண்ணை ஊகிக்காமல் அளந்து வைப்பது இரண்டாவது. நல்ல வலையமைப்பில் எடுக்கும் நேரத்தை மட்டும் அளக்காமல், ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது 1988இன் பாடம். மூன்றாவது, பணியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நிறுத்தச் சொல்லி வேண்டுகோள் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. கோட்லின், ஸ்விஃப்ட் முதலிய இன்றைய மொழிகளில் பணியை ரத்து செய்வது ஒத்துழைப்பின் அடிப்படையிலேயே நடக்கிறது. கெடு தீர்ந்தது என்ற செய்தி வரும். அதைக் காது கொடுத்துக் கேட்காத சுழல் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கடினம். விட்ட இடத்தைக் குறித்து வைப்பது. நாற்பது புகைப்படங்களை வழங்கிக்கு அனுப்பும் பணி பதினேழாவதில் நிறுத்தப்பட்டால், அடுத்த முறை பதினேழிலிருந்து தொடங்க வேண்டும். பதினேழாவது போய்ச் சேர்ந்ததா என்பதில் ஐயம் இருந்தால், அதை மறுபடி அனுப்பினாலும் இரண்டு படமாகிவிடாதபடி மறுமுனை அமைந்திருக்க வேண்டும். தாமதத்தையும் மரணத்தையும் பிரித்தறிய முடியாத உலகில், செய்ததையே மீண்டும் செய்தாலும் கேடு விளையாதபடி வேலையை அமைத்துக்கொள்வதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

2024இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 15, தரவு ஒத்திசைவுக்கென்று இயங்கும் சேவைகளுக்கு 24 மணிநேரத்தில் மொத்தம் 6 மணிநேரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. பயனர் கண்ணில் படும்படி அறிவிப்புப் பலகை போட்டுக்கொண்டு ஓடும் சேவைகள் இவை. அவற்றுக்கும் இப்போது கெடு. வரம்பு தீர்ந்ததும் சேவைக்கு ஓர் அழைப்பு வரும். சில விநாடிகளுக்குள் அது தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்திக்கொள்ளாவிட்டால் அது பிழையாகவே கருதப்பட்டுச் செயலி வீழ்த்தப்படும்.

1961இல் நிரலிடமிருந்து நேரத்தைப் பறித்த அந்தப் பெருங்கணினி, அது விட்ட இடத்தையும் தானே காந்த நாடாவில் எழுதி வைத்தது. இன்றைய செல்பேசி நேரத்தை மட்டும் பறிக்கிறது. எழுதி வைக்கும் வேலையைச் செயலியிடமே விட்டுவிட்டது. அழைப்பு வரும்போது ஓடவேண்டிய அந்த நான்கைந்து வரிகளை எழுதுபவர், முன்பு ஓர் இயந்திரம் முழுவதும் சேர்ந்து செய்த வேலையைச் செய்கிறார்.